முகத்துக்கு முப்பது, இரண்டு எட்டு

கலூரில் புகைப்படக்காரர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போன மாதம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைக் கூட்டிவந்து, தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, கையில் சாயாவும் பருப்புவடையும் கொடுத்து, பழைய காலத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்வார்களே, அந்த மாதிரிக் கூட்டம். நானும் சொன்னேன். முடிந்ததும் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு இளைஞர் எழுந்து, "சேட்டா, நிங்ஙள் ஏது மோடிலாணு எடுத்திருந்நது?" என்று கேட்டார். கேமராவை எந்த மோடில் வைத்து எடுப்பீர்கள் என்று.

"மேனுவல்" என்றேன்.

"மீட்டரிங்?"

"கை மீட்டர். ஆளுடைய தாடைக்குக் கீழே பிடித்து வெளிச்சத்தை அளப்போம். முதல் பிரேம் முகத்துக்கு. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்."

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். இன்னொருவர் மரியாதையாகவே சொன்னார்: இப்போதெல்லாம் அப்படி நடந்துபோய் அளக்க வேண்டியதில்லை, கேமரா தானே பார்த்துக்கொள்ளும், கொஞ்சம் இருட்டாக விழுந்தாலும் கம்ப்யூட்டரில் இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம். "நிழல்ல எல்லாம் இருக்கும் சேட்டா, நம்ம எடுத்தா மதி" என்றார். எடுத்தால் போதுமாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு பதில் இருந்தது. ஆனால் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு சண்டை போட முடியுமா? வடையைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழன். அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தார். ஏலூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் என்னை நுழைத்துவிட வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. பஜார் ரோட்டில் இருந்த சேவியர் சேட்டனின் ஸ்டூடியோவில் போய்ச் சேர்ந்துகொண்டேன். கூட்டினேன், லைட் பிடித்தேன், பிலிம் கழுவினேன், பிரிண்ட் போட்டேன். தொண்ணூறுகள் பிறந்தபோது என் கையிலும் ஒரு கேமரா இருந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன் என்று சொல்லலாம் என்றால், சேவியர் சேட்டன் திட்டவே மாட்டார்.

அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். கோபம் கூடக் கூட அவர் குரல் இறங்கும். நாம் தப்புச் செய்துவிட்டால், "நீ போயி ஒரு சாயா குடிச்சிட்டு வா" என்பார். அவ்வளவுதான். நாம் சாயாக்கடையில் உட்கார்ந்து, என்ன தப்பு என்று நாமே கண்டுபிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். எங்கள் தெருமுனைச் சாயாக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கும் தப்பாச்சா மணி?" என்று கேட்டுக்கொண்டே கிளாஸைக் கழுவுவார்.

தானாக எல்லாம் செய்யும் கேமரா முதன்முதலில் எங்களிடம் வந்தபோது நான் கும்பளங்கியில் ஒரு பள்ளிக் கல்யாணத்துக்குப் போனேன். பள்ளி என்றால் இங்கே சர்ச். கேமராவின் மேலே இருக்கும் சக்கரத்தை 'பி' என்ற எழுத்தில் வைத்துவிட்டால் போதும். துளையின் அளவு, ஷட்டரின் வேகம் இரண்டையும் அதுவே முடிவு செய்துவிடும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்ணை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, டக் டக்கென்று அடித்துத் தள்ளினேன். கழுவிப் பார்த்தால் சுவர் சாம்பல், கவுன் சாம்பல், பெண்ணின் முகம் சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசலில் நிற்பவர் மாதிரி இருண்டு கிடந்தது.

சேவியர் சேட்டன் அந்தப் பிரிண்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தார். அன்று அதிசயமாக என்னைச் சாயாவுக்கு அனுப்பவில்லை.

"கேமராக்கு ஆளெ அறியில்லடா" என்றார்.

கேமராவுக்கு ஆளைத் தெரியாது. எதைக் காட்டினாலும் அது உலகம் முழுவதும் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் அளக்கும். வெள்ளையைக் காட்டினால் ஐயோ வெளிச்சம் அதிகம் என்று குறைக்கும். கறுப்புக் கோட்டைக் காட்டினால் இருட்டென்று கூட்டும். மணமகன் கறுப்புக் கோட்டில் தனியாக நின்ற படங்களில் அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. மணமகள் தனியாக நின்ற படங்களில் இவள் முகம் கறுத்துப்போயிருந்தது. இரண்டு பேரையும் வேறு வேறு வீட்டில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது.

அதற்குச் சேவியர் சேட்டன் வைத்திருந்த மருந்து கை மீட்டர். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. தலையில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைக் குமிழ். கீழே கண்ணாடிக்குள் ஒரு ஊசி. ஆளுக்குப் பக்கத்தில் போய், தாடைக்குக் கீழே குமிழை கேமரா பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அது ஆளின் சட்டையைப் பார்க்காது, சுவரைப் பார்க்காது. முகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை மட்டும் சொல்லும். ஊசி நின்ற இடத்தைப் படித்து உரக்கச் சொல்ல வேண்டும். "அறுபது, அஞ்சு ஆறு" என்றால் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம், துளை ஐந்து புள்ளி ஆறு. சேவியர் சேட்டன் கேமராவில் அதை வைத்துவிட்டு ஒரு 'ம்' போடுவார். அந்த 'ம்' வந்தால்தான் நான் ஆளைவிட்டு நகரலாம்.

எத்தனை தாடைகள்! மணப்பெண்கள், பாதிரியார்கள், பெட்டியில் படுத்திருக்கும் பிணம் உட்பட. எல்லார் முகத்துக்கும் ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மிளகு வியாபாரி எங்களிடம் காலண்டர் படம் கேட்டார். பஜார் ரோட்டுக் குடோன்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்வாசல் ரோட்டைப் பார்த்திருக்கும், பின்வாசல் காயலை, அதாவது உப்பங்கழியைப் பார்த்திருக்கும். வள்ளத்தில், அதாவது படகில் வரும் மூட்டை பின்வாசல் வழியாக உள்ளே வரும். பின்வாசல் கிழக்கு. காலையில் வெயில் தண்ணீரில் பட்டு அந்தக் கதவுக்குள் பாய்கிறபோது, உள்ளே இருக்கும் சுக்குத்தூளும் மிளகுத்தூளும் பொன்னாக மிதக்கும். வியாபாரிக்கு அந்த வாசலில் மூட்டையோடு ஒரு ஆள் வேண்டும்.

ஆள் என்று குடோன்காரர்கள் கை காட்டியது தங்கவேலுவை. என்னைப் போலவே இங்கே பிறந்த தமிழன், சுமட்டுத் தொழிலாளி, மூட்டை தூக்குகிறவர். அன்று காலைக்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. நல்ல உயரம். தலையில் மூட்டையோடு வாசலில் வந்து நின்றபோது கதவின் சட்டம் அவருக்கென்றே அடித்த மாதிரி இருந்தது. காலண்டர் அச்சுக்கு நெகடிவ் ஆகாது, ஸ்லைடு பிலிம்தான் வேண்டும். ஸ்லைடில் மன்னிப்புக் கிடையாது. அளவு தப்பினால் தப்பியதுதான்.

வழக்கப்படி நான் அவர் பக்கத்தில் போய்த் தாடைக்குக் கீழே மீட்டரைப் பிடித்தேன். வெளிச்சம் முழுவதும் அவர் முதுகில். முகம் உள்ளே, எங்களைப் பார்த்து இருட்டில்.

"முப்பது, ரெண்டு எட்டு" என்று கத்தினேன்.

"வெளியில்?" என்றார் சேவியர் சேட்டன், ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து.

ஒரு புள்ளியை மட்டும் அளக்கும், கேமராவிலேயே இருந்த ஸ்பாட் மீட்டரைத் தண்ணீர்மேல் வைத்து அவரே பார்த்துக்கொண்டார். இருநூற்றைம்பது, எட்டு. முகத்துக்கும் தண்ணீருக்கும் ஆறு ஸ்டாப் வித்தியாசம், அதாவது அறுபத்துநாலு மடங்கு வெளிச்சம். முகத்துக்கு வைத்தால் வாசல் முழுவதும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும்; காயலும் போச்சு, வள்ளமும் போச்சு, பொன் தூளும் போச்சு. தண்ணீருக்கு வைத்தால் ஆள் வெறும் உருவம். அவர் துளையை எட்டுக்குத் திருப்பினார். பிறகு சொன்னார்:

"எங்கில், மொகம் விட்டேக்கு."

அப்படியானால் முகத்தை விட்டுவிடு. தொழிலில் நாங்கள் தினமும் பேசுகிற பேச்சு. பின்சுவரை விட்டுவிடு, ஜன்னலை விட்டுவிடு என்கிற மாதிரி. ஆனால் தங்கவேலு அதைக் கேட்டுவிட்டு மூட்டைக்குக் கீழிருந்து சிரித்தார்.

"மொகத்த விட்டுட்டா நான் எப்படி அண்ணே வீட்டுக்குப் போறது? பொண்டாட்டி சேர்க்க மாட்டாளே!"

குடோன் முழுக்கச் சிரிப்பு. சேவியர் சேட்டனே சிரித்தார். "சீக்கிரம் அண்ணே, கழுத்து ஒடியுது" என்றார் தங்கவேலு. நான் நகர்ந்தேன். படம் எடுத்தோம்.

படம் என்னமோ அபாரம். இன்றும் சொல்வேன். வாசல் நிறையத் தண்ணீரின் தகதகப்பு, நடுவில் கன்னங்கரேலென்று ஒரு மனிதனும் மூட்டையும். அந்த வருஷம் மட்டாஞ்சேரியில் அந்தக் காலண்டர் தொங்காத கடை இல்லை. சேவியர் சேட்டன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டினார். வருகிற வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் கர்வம்தான். ரீடிங் எடுத்தவன் நானல்லவா?

சில மாதம் கழித்துத் தங்கவேலு ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் டார்க் ரூமில் இருந்தேன். கை இரண்டும் மருந்துக்குள். திரைக்கு அப்பால் பேச்சு மட்டும் கேட்டது.

"சேட்டா, எம் பொண்டாட்டி நம்ப மாட்டேங்குறா. காலண்டரக் காட்டினா, 'இதுல நீதான்னு எழுதி ஒட்டியிருக்கா, எவனா வேணா இருக்கலாம்'ங்குறா. மொகம் தெரியுறாப்புல ஒண்ணு எடுத்துக் குடுங்க. பிள்ளைக்கும் காட்டணும்."

சேவியர் சேட்டன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்போ வேண்டா. மேலெல்லாம் சுக்குப் பொடியல்லே? குளிச்சு, ஒரு வெள்ள ஷர்ட் இட்டு, பாரியாளையும் குட்டியையும் கூட்டி வா. நல்லதொரெண்ணம் எடுத்துத் தராம். சும்மா."

மனைவி, குழந்தையோடு வா, காசு வேண்டாம் என்று. அது மரியாதை. படம் என்றால் குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவதுதான் எங்கள் ஊர் வழக்கம். வேலைக்கோலத்தில் ஒருவரை உட்காரவைத்து எடுப்பது அவரைக் குறைத்துப் பார்ப்பது என்றே நாங்கள் நினைத்தோம். தங்கவேலுவுக்கும் அதுதான் சரியென்று பட்டிருக்க வேண்டும். "அதும் சரிதான், ஞாயித்துக்கிழமை வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூடியோவில் லைட் எரிந்துகொண்டிருந்தது. கேமரா பிலிமோடு ஸ்டாண்டில் நின்றது. ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும்.

அந்த ஞாயிறு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டோம். மழைக்காலம் தொடங்கியது. ஒரு நாள் குடோனில் கூரைவரை அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவர் மேல் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் முடிந்து அவர் மனைவி பாக்கியம் வந்தார். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கையில் தங்கவேலுவின் யூனியன் கார்டு. மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும், இதிலிருந்து பெரிதாக்கித் தரணும் என்றார். கார்டை வாங்கிப் பார்த்தேன். அதை அவர் மடியிலேயே செருகிவைத்து மூட்டை தூக்கியிருக்கிறார். வேர்வையில் ஊறி ஊறி, முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. தலைமுடி மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அவ்வளவுதான். கல்யாணத்தில் படம் எடுக்கவில்லையாம். அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் அவருடைய வேறு படம் கிடையாது, எங்கள் காலண்டர் தவிர.

"அதுல இருக்காருல்ல அண்ணே? நீங்கதானே எடுத்தீங்க? அதுலேருந்து மொகத்த மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார்.

சேவியர் சேட்டன் ஸ்லைடை எடுத்து லைட் பெட்டியின் மேல் வைத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஸ்லைடை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். பாக்கியத்தை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கிற லைட்டையெல்லாம் கொளுத்தி, அதை மறுபடி படம் பிடித்தார். இரண்டு மடங்கு வெளிச்சம், நாலு மடங்கு, எட்டு, பதினாறு. தண்ணீர் வெந்து வெள்ளையாகிப் போனது. தங்கவேலு கறுப்பிலிருந்து ஒரு அழுக்குப் பச்சையாக மாறினார். அந்தப் பச்சையில் கண் இல்லை, மூக்கு இல்லை. அடுத்த நாளும் முயன்றார், அதற்கடுத்த நாளும். பாக்கியம் தினமும் வந்து, ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். குழந்தை வாசலில் மாட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிலிமில் விழாத வெளிச்சத்தை எங்கே போய்த் தேடுவது? கடைசியில் சேவியர் சேட்டன் அவரிடம் உள்ளதைச் சொன்னார். பாக்கியம் அழவில்லை. "அப்ப அதையே கண்ணாடி போட்டுக் குடுங்க" என்றார். காலண்டர் படத்தையே சட்டம் போட்டுக் கொடுத்தோம். அவர் போனதும் சேவியர் சேட்டன் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம், "ஞான் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வராம்" என்றார்.

அப்படி அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன். திரும்பி வந்ததும் வாசலில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி உள்ளே வைத்தார். அன்றிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் வந்தது: முதல் பிரேம் முகத்துக்கு. பின்னணி வெந்து போகட்டும், படம் குப்பையாகட்டும், ஆளுடைய முகம் ஒரு தடவை பிலிமில் விழுந்தாக வேண்டும். கலூரில் பையன்கள் சிரித்தார்களே, அந்தச் சட்டம் இதுதான்.

சேவியர் சேட்டன் போய்ச் சேர்ந்தார். ஸ்டூடியோ என் கைக்கு வந்தது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. டார்க் ரூம் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. நானும் சக்கரத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டேன். வெளிச்சம் மாறி மாறி வரும் ஊர்வலத்தில் துளையை மட்டும் நான் வைத்து, வேகத்தைக் கேமராவிடம் விட்டேன். ஆனால் மீட்டர் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பெண் வந்தாள், கையில் துணி சுற்றிய ஒரு சட்டத்தோடு. துணியைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் காலண்டர். கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்திருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைப்பாளாம். நெற்றி எங்கே என்று தெரியாததால் குத்துமதிப்பாக வைப்பாளாம். ஒரு வாரம் வைத்த இடத்தில் அடுத்த வாரம் விழாது. அந்தக் கறுப்பு முழுவதும் பொட்டுத்தான்.

"நான் ரேவதி. தங்கவேலு மோள்" என்றாள், பாக்கியத்தின் இடுப்பில் அன்று வந்த அந்தக் குழந்தை. "எனக்குக் கல்யாணம் மாமா. மேடையில அப்பா படம் வெச்சுக் கும்பிடணும். இப்போ கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும்ன்னு சொல்றாங்களே. ஒண்ணு நோக்குங்க மாமா."

வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்லைடைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்தேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே நிழலை இழுத்தேன். கறுப்பு சாம்பலாயிற்று. சாம்பலில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மொய்த்தன. அவள் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், "இது கண்ணா மாமா?" என்று ஒரு இடத்தைத் தொட்டாள். இல்லை மோளே என்றேன். "இது?" அதுவும் இல்லை.

கம்ப்யூட்டரை விட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எடுக்கறப்போ நீங்க அங்க இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

"எவ்ளோ கிட்டத்துல?"

கையால் காட்டினேன். ஒரு சாண்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்போ சொல்லுங்க மாமா, எப்படி இருப்பாரு? எனக்கு ஒரு வயசு தெகையல அப்போ. பல்லு எடுப்பா இருக்குமாமே? அம்மா ஒரு நேரம் எடுப்புங்குது, ஒரு நேரம் இல்லேங்குது. அம்மாக்கே மறந்துபோச்சு."

நான் யோசித்தேன். சாமி சத்தியமாக யோசித்தேன். அவர் குரல் இருக்கிறது. "மொகத்த விட்டுட்டா நான் எப்படி வீட்டுக்குப் போறது" என்று அவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. சிரிச்சாரா, எப்படிச் சிரிச்சாரு என்று கேட்டாள். மூட்டையின் வாசனை இருக்கிறது. கழுத்தில் வழிந்த வேர்வை குமிழ்மேல் சொட்டி, நான் சட்டையில் துடைத்தது இருக்கிறது. முகம் இல்லை. அவர் சிரித்தபோது நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், எடுப்புத்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அது அவள் பிள்ளைகள்வரை போகும் என்று நினைத்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

"பார்க்கலையே மோளே" என்றேன். "பக்கத்துல நின்னேன். பார்க்கல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். சட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே, "சாரமில்ல மாமா, போகட்டும். அப்பா இப்படியே வரட்டும்" என்றாள். "கல்யாணப் படம் நீங்கதான் எடுக்கணும்."

எடுத்தேன். மேடையில் நாற்காலி போட்டு, மாலை சூட்டி அந்தச் சட்டத்தை வைத்திருந்தார்கள். பாக்கியம் புதுக் குங்குமம் வைத்தார், எங்கேயோ ஒரு இடத்தில். முதல் பிரேம் முகத்துக்கு என்பதால் நான் மணப்பெண் பக்கத்தில் போய், தாடைக்குக் கீழே மீட்டரைப் பிடித்தேன்.

"அப்பாக்கும் இப்படித்தான் பிடிச்சீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மேல்வரிசையில் இரண்டு பல் கொஞ்சம் எடுப்பு. இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. இது யாருடையது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் ஆட்கள் சத்தம் போடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய ரீடிங் என்ன என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் அப்பாவுடையது தெரியும். முப்பது, இரண்டு எட்டு.